மாவுக்குள்ளே மூணு படிப்பு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



"பயோடெக்னாலஜின்னா என்ன? பிளஸ் ஒன்ல எந்த குரூப் சேர்க்கலாம்?" என்று பல அம்மாக்கள் கேக்கறீங்க.

நம்ம குழுக்கள்ல இட்லி மாவு விக்கறீங்க. மாவைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அதைத் தெரிஞ்சுக்கறது அறிவியல். அஞ்சு கிலோவில் வந்த பக்குவம் ஐநூறு கிலோவிலும் வரணும். அது பொறியியல். விலை போட்டு, கடன் அடைச்சு, லாபம் பார்ப்பது வணிகம். இந்த மூணும் சேர்ந்ததுதான் பயோடெக் தொழில்.

கிரண் மஜும்தார்-ஷா விலங்கியல் படித்தவர். ஆஸ்திரேலியா போய் பீர் தயாரிப்புத் தொழில்நுட்பம் படித்தார். பெண் என்பதால் இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. 1978-ல் பெங்களூரில் 10,000 ரூபாய் முதலோடு, வாடகை வீட்டு கார் ஷெட்டில் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாளிப் பாலில் இருந்து கிடைக்கும் 'பப்பாயின்' என்ற நொதிதான் முதல் சரக்குகளில் ஒன்று. வங்கிகள் கடன் தரத் தயங்கின. அதே நிறுவனம் 2004-ல் ஈஸ்ட்டை வைத்துத் தயாரித்த இன்சுலினை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஆகவே கணக்கு, உயிரியல் இரண்டும் உள்ள குரூப்பில் மகளைச் சேருங்க. பி.எஸ்சி., பி.டெக். இரண்டுக்கும் வழி இருக்கும். வணிகப் படிப்பைப் பிறகு சேர்த்துக்கலாம்.

மகனுக்குக் கல்விக் கடன் கேட்கிற நாம, மகளுக்கு மட்டும் "பொம்பளப் புள்ளைக்கு கணக்கு எதுக்கு?" என்று சொல்லலாமா? குழுக் கணக்கை எழுதுறதே நாமதானே!