வாய் பேச முடியாதவருக்காகப் பேச வேண்டியவர் யார்?



ஒருவர் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மூச்சுக்கு ஒரு யந்திரம், ஆகாரத்துக்கு ஒரு குழாய். வைத்தியர் வெளியே வந்து, "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். மூத்த மகன் ஒன்று சொல்லுகிறான். பணம் கட்டுகிற மருமகன் வேறொன்று சொல்லுகிறான். பெரியப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார். 40 வருஷம் கூட வாழ்ந்த மனைவியை யாராவது கேட்கிறார்களா? படுத்திருப்பவர் என்ன விரும்பியிருப்பார் என்றாவது கேட்கிறார்களா? அதுதான் கிடையாது.

நமது தென் ஜில்லாக்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கிழவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக் கதையை முடிப்பது. இதை வழக்கம் என்கிறார்கள். கிழவனைக் கேட்காமல் செய்கிற காரியத்துக்கு வழக்கமென்று பெயரிட்டால் அது கொலை அல்லாமல் போய்விடுமா?

பம்பாயில் ஒரு நர்ஸ் 1973-இல் கொடியவனொருவனால் தாக்கப்பட்டு, மூளை கெட்டு, 2015-இல் இறக்கும்வரை 41 வருஷத்துக்கு மேல் படுக்கையிலேயே கிடந்தார். ஆகாரத்தை நிறுத்தி விடுதலை கொடுங்கள் என்று ஓர் எழுத்தாளர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கூடாது என்றார்கள், அத்தனை வருஷம் அவரைப் பேணிய ஆஸ்பத்திரி ஊழியர்கள். 2011-இல் கோர்ட்டு ஊழியர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. இரு தரத்தாரும் நல்லெண்ணக்காரர்களே. ஆனால் அந்த அம்மாளின் விருப்பம் என்னவென்பது இருவருக்கும் தெரியாது. அவர் முன்னதாக எழுதி வைத்திருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அக்காலத்தில் அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

இப்பொழுது மதிப்புண்டு. 2018-இல் அதே கோர்ட்டு, மானத்தோடு சாவதும் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று சொல்லி, முன்கூட்டி எழுதிவைக்கும் உயிர்வாக்குமூலத்தை ஒப்புக்கொண்டது. 2023-இல் முறையையும் சுலபமாக்கிற்று. வயது வந்து, புத்தி தெளிவாயிருக்கும் எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ அத்தாட்சி செய்யவேண்டும். தனக்காகப் பேச வேண்டியவரின் பெயரைக் குறிக்கவேண்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்துகொள்ளலாம். எழுதிவிட்டதாலேயே யாரும் யந்திரத்தைப் பிடுங்கிவிட முடியாது. தேறமாட்டார் என்று இரண்டு வைத்தியர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் சொல்லவேண்டும். பயனற்ற சிகிச்சையை நிறுத்தலாமேயொழிய, வலிக்கு மருந்து கொடுப்பதை நிறுத்தக்கூடாது.

"கடைசிவரை எல்லா வைத்தியமும் செய்யுங்கள்" என்பது உங்கள் விருப்பமானால், அதையும் இன்றே வீட்டாருக்குச் சொல்லுங்கள். எதை விரும்புவதென்பது உங்கள் இஷ்டம். அதைச் சொல்லாமலிருப்பதுதான் தப்பு.

"சாவைப்பற்றிப் பேசுவது அபசகுனமல்லவா?" என்பார்கள். பேசாததனால் சாகாதவன் எவனையாவது காட்டட்டும் பார்ப்போம்! நிலத்துக்கும் வீட்டுக்கும் உயில் எழுதுகிற நாம், நம் உடலை மாத்திரம் தலைவிதிக்கும் பங்காளிச் சண்டைக்கும் விட்டுவிடுவது அறிவுடைமையாகுமா? ஆகையால் தோழர்களே, இன்றிரவு சாப்பிட உட்காரும்போது பெண்டு பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். அவர்கள் விருப்பத்தையும் கேளுங்கள். தாய்மார்களே, நீங்கள் அவசியம் சொல்லுங்கள். உங்களை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதாலேயே சொல்லுங்கள். இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.