சாம்பிள் சீட்டும் கலைஞனின் பெட்டியும்



திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குவோர் ஒப்புக்கொண்ட சாம்பிளை, ஆர்டர் எண் எழுதிய சீட்டோடு தனியே எடுத்து வைப்பர். ஆயிரமாயிரம் ஆடைகள் தைக்கும்போதும், ஐயம் எழுந்தால் அந்த ஒன்றே சான்று. கட்டிங் வேஸ்ட்டுக்கும் இவ்வூரில் எடையுண்டு, விலையுண்டு; அதுவும் மீண்டும் நூலாகும். இத்தகைய ஊரில், கலைஞன் விட்டுச்சென்ற தாள்கள் மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போகலாமா?

தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஓர் அசைவூட்டப் படம் எடுத்தார். அப்படம் இன்று இல்லை. 1944இல் அவர் நாசிக்கில் மறைந்தார். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியபின், பி.கே. நாயர் நாசிக் சென்று, பால்கேயின் மக்களிடம் எஞ்சியிருந்த சுருள்களைப் பெற்றுவந்தார். அரசுக் காப்பகம் பிறக்கும்வரை அவற்றைக் காத்தது ஒரு குடும்பமே.

ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் கத்தரியால் நிழலுருவங்களை வெட்டி, மூட்டுகளை இணைத்து, தோற்பாவைகளைப்போல் அவற்றை இயங்கவைத்தார். 1926இல் வெளிவந்த ‘இளவரசர் அகமதுவின் சாகசங்கள்’ படத்தின் மூல நெகடிவ் போரில் அழிந்தது. எஞ்சிய பிரதியைக் கொண்டே படம் மீட்கப்பட்டது. 1981இல் மறைந்த அவருடைய கலைச்செல்வத்தைக் காத்து வருவது டூபிங்கன் நகர அருங்காட்சியகம். அது தலைநகரமன்று, நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். நொய்யற்கரைக்கு இதில் ஒரு பாடமுண்டு.

பெரிய படநிறுவனத்துக்கு அலுவலகமுண்டு, அலமாரியுண்டு. தனித்து இயங்கும் அசைவூட்டக் கலைஞனுக்குக் கட்டிலடிப் பெட்டி ஒன்றே காப்பகம். ஒரு நொடி அசைவுக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. திரையில் அந்நொடி கடந்துவிடும். கை எங்கே தயங்கியது, எதை அழித்து எதை வரைந்தது என்பதைத் தாள்களே சொல்லும். ஆகவே பெட்டியைத் திறப்போர் முதலில் அடுக்கைக் கலைக்கலாகாது. அவர் வைத்த வரிசையும் ஒரு செய்தியே. துருப்பிடிக்கும் குண்டூசியையும் ரப்பர் வளையத்தையும் நீக்க வேண்டும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில், பெயரும் ஆண்டும் எழுதி வைக்க வேண்டும். பிரதி எடுத்தால், அது வேறொரு வீட்டில் இருப்பது நலம்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் ரோஜா முத்தையா, தம் வீட்டில் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்தபின், அத்தொகுப்பே 1994இல் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயிற்று. தமிழாராய்ச்சி இன்றும் அதன் பயனைத் துய்க்கிறது.

அச்சேறிய கவிதையை நூலகம் காக்கும். அடித்துத் திருத்திய தாளை யார் காப்பது? கவிஞர்கள் கூடிய இந்த அவையில் அவ்வினாவுக்கு ஒரு விடை பிறக்கட்டும். சாம்பிளுக்குச் சீட்டுக் கட்டத் தெரிந்த ஊருக்கு இது புதிய வேலையன்று.