லயத்து மெம்பரும் தண்ணீர்க் குழாயும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், மே 2025)



பண்டிதர் அயோத்திதாசர் 1914 மே 5 அன்று மறைந்தார். அவரை நினைக்கும் கூட்டத்தை நீலகிரியில் நடத்துவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிறு வயதிலேயே குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தவர் அவர். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை இதே நீலகிரியில்தான் கூட்டினார். காங்கிரஸ் கட்சி தோன்றி அப்போது ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த மாநாட்டின் தீர்மானங்களில் கல்வி கேட்டார்கள், வேலை கேட்டார்கள், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கும் உரிமை கேட்டார்கள். நகராட்சி முதலான உள்ளூர் மன்றங்களில் நம் மக்களின் குறையை எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவர் உட்கார வேண்டும் என்றும் கேட்டார்கள்.

தண்ணீரும் நாற்காலியும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி எதற்கு? தண்ணீரைக் கேட்பதற்கு. பண்டிதர் காலத்து மனிதர்களுக்கு இது தெளிவாக இருந்தது. 134 ஆண்டுகள் கழித்து அந்த நாற்காலியின் நிலை என்ன என்பதையே இன்று பேசப்போகிறோம்.

நாற்காலி கிடைத்துவிட்டது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு வந்தது. பெண்களுக்கான பங்கு 2016இல் பாதியாக உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்ட மக்களில் 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரியோ 20 விழுக்காடு. நீலகிரி மக்களவைத் தொகுதியும் கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த மலையில் நமக்குக் குறை எதுவும் இருக்கக் கூடாது.

அந்த நாற்காலிக்குக் கொடுத்த விலையையும் மறக்க முடியாது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனி ஊராட்சியில் நின்று வென்றதுதான் அவர் செய்த குற்றம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்தாண்டு காலம் தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் ஊராட்சித் தலைவரான நம் பெண்ணைத் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது.

சமவெளியில் நாற்காலியில் உட்காரவிடாமல் தடுக்கிறார்கள். மலைத் தோட்டத்தில் நடப்பது வேறு. இங்கே உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்த பிறகு, உன் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சாண் நிலம்கூட உன்னுடையது இல்லை என்கிறார்கள்.

எங்கள் பக்கத்து மெம்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். அவர் பெயரும் ஊரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். கொழுந்து பறிக்கும் பெண். 2019 டிசம்பர் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினராக வென்றவர். காலையில் கூடையோடு மலை ஏறி, மாலையில் எடை போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பினால் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். "மெம்பரக்கா, மூணு நாளா தண்ணி வரல. நீங்கதான் கேக்கணும்." மலையில் ஊற்று இருக்கிறது, தொட்டி இருக்கிறது. தொட்டியிலிருந்து லயத்துக்கு வரும் இரும்புக் குழாய் வெள்ளைக்காரன் காலத்தது. துருப்பிடித்து ஓட்டை விழுந்து, ஓட்டைக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யூனியன் ஆபீசுக்குப் போனார். "அது எஸ்டேட் இடம்மா. பஞ்சாயத்துப் பணத்த அங்க போட்டா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றார்கள். இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனார். "நாங்க பஞ்சாயத்துக்கு வரி கட்டுறோம். நீங்க பஞ்சாயத்து மெம்பர். எங்கிட்ட வந்து கேட்டா எப்படி?" என்றார்கள். இரண்டு பதிலும் சேர்ந்து அவரை மறுபடி லயத்து வாசலிலேயே கொண்டுவந்து விட்டன. அங்கே ஜனம் சொன்னது என்ன தெரியுமா? "ஓட்டு வாங்குறப்ப வந்தீங்க."

இந்தப் பழியைத்தான் யோசிக்கச் சொல்கிறோம். தோட்டமும் தப்பித்தது, ஆபீசும் தப்பித்தது. திட்டு வாங்கியது நம் பெண்.

இந்தச் சிக்கலின் சட்ட முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடிநீர், கழிப்பறை, மருத்துவம், பிள்ளைக் காப்பகம், வீடு ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக வைத்தது. வைத்தது நல்லதுதான். தொழிலாளியின் உழைப்பில் லாபம் பார்ப்பவன் அவனுக்கு வீடும் தண்ணீரும் தரட்டும். ஆனால் தோட்டம் தராதபோது என்ன செய்வது? அப்போது இந்தச் சட்டமே ஊராட்சிக்குச் சாக்காக மாறியது. முதலாளியின் கடமை என்று ஊராட்சி ஒதுங்கியது. அரசு இருக்கிறதே என்று முதலாளி ஒதுங்கினார்.

தனியார் தோட்டத்தோடு இது முடியவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த ஐந்தேகால் லட்சம் பேரில் ஒருவரையும் கேட்டுக்கொண்டு போட்ட ஒப்பந்தம் அல்ல அது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் விரிவாயின. 1976 முதல் அவை டான்டீ என்ற பெயரில் இயங்குகின்றன. அந்த நிலம் வனத்துறையுடையது. முதலாளியும் அரசு, நில உரிமையாளரும் அரசு, ஊராட்சிக்குப் பணம் தருவதும் அரசு. ஆனாலும் லயத்துக் கூரை ஒழுகினால் மூன்றும் ஒன்றையொன்று கை காட்டும். 2022இல் டான்டீ தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர்கள் வீடு போய்விடுமோ என்று தெருவுக்கு வந்தார்கள். அந்த வீடுகள் இருக்கும் வார்டுகளின் உறுப்பினர்கள் அந்த முடிவில் எங்கே இருந்தார்கள்?

கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் மூன்றாவது முடிச்சு. நிலம்பூர் கோவிலகத்து ஜன்ம நிலங்களை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய குத்தகை நிலங்கள் பல்லாண்டுகளாக வழக்கில் கிடக்கின்றன. நாட்டின் வனச் சட்ட வரலாற்றையே மாற்றிய கோதவர்மன் வழக்கும் 1995இல் இந்தக் கூடலூர்க் காடுகளை வைத்துத்தான் தொடங்கியது. அங்கே குடியிருப்பவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பு கிடைக்காத வீடுகள் ஏராளம். ஓவேலி போன்ற பேரூராட்சிகளில் கவுன்சிலர் சாலை கேட்டால் வனத்துறை அனுமதி என்ற சுவரில் போய் முட்டுகிறார். யானை நடமாடும் வழியில் தெருவிளக்கு கேட்டாலும் அதே சுவர்தான். காட்டைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காட்டைக் காக்கும் செலவு முழுவதையும் இருட்டில் நடந்து வேலைக்குப் போகிற பெண் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.

இந்த இடத்தில் நம் தாத்தா பாட்டிகள் விட்டுவந்த கண்டிச் சீமையை ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம். 1948இல் அங்கே நம் சனங்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். அடுத்த ஆண்டு ஓட்டையும் பறித்தார்கள். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு குடியுரிமை திரும்பியது. ஓட்டுப் போட்டார்கள், பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட வழி இல்லை. நம் மெம்பரக்கா கேட்ட அதே பதிலைத்தான் நுவரெலியாவின் உறுப்பினரும் முப்பது ஆண்டுகள் கேட்டார். அங்குள்ளவர்கள் அந்தப் பதிலை ஏதோ ஓர் அதிகாரியின் குணம் என்று விட்டுவிடவில்லை. சட்டத்தில் எந்த வரி தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தியவுடன் எல்லா லயத்துக்கும் சாலை வந்துவிடவில்லை. ஆனால் 'முடியாது' என்று சொல்லச் சட்டத்தைக் காட்டும் வழி அடைபட்டது.

நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். தோட்டம் தன் கடமையைச் செய்யாதபோது ஊராட்சியே குழாய் போடட்டும், அந்தச் செலவைத் தோட்டத்திடமிருந்து வசூலிக்கட்டும். இதற்குத் தெளிவான விதி வேண்டும்.

நம் பக்கத்துக் குறைகளையும் பேசாவிட்டால் இந்தக் கூட்டத்துக்கு அர்த்தமில்லை. மெம்பரானதும் காண்ட்ராக்ட் எடுக்கப் போன நம் ஆட்கள் உண்டு. மனைவி பெயரில் பதவி, கணவன் கையில் கையெழுத்து என்று நடத்தியவர்கள் உண்டு. தன் லயத்துக்கு மட்டும் வேலை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பணியர் பாடியையும் குறும்பர் குடியிருப்பையும் எட்டிப் பார்க்காதவர்கள் உண்டு. மக்களாகிய நாமும் கிராம சபை என்றால் அரை நாள் கூலி போகும் என்று ஒதுங்கியிருக்கிறோம். மனுவை வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். வாயால் சொன்ன மனுவுக்கு எந்த ஆபீசும் பதில் சொல்லத் தேவையில்லை.

மெம்பரக்கா கடைசியில் கற்றுக்கொண்டதும் அதுதான். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எந்த நாள் தண்ணீர் வந்தது, எந்த நாள் வரவில்லை, எத்தனை வீடு என்று மூன்று மாதக் கணக்கு. அதை வைத்து கிராம சபையில் தீர்மானம் போட வைத்தார். தீர்மானத்தின் நகலோடு தொழிலாளர் துறைக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஒரு மனு, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு. "எஸ்டேட் இடம்" என்று சொன்ன யூனியன் ஆபீசில், அதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டார். எழுத்தில் தர யாரும் முன்வரவில்லை. சில மாதம் கழித்து ஊராட்சிக் குழாய் ஒன்று வந்தது. தோட்டத்து எல்லைக்கு வெளியே, சாலையோரத்தில். லயத்திலிருந்து இருநூறு படி கீழே. ஒரு குடத்தோடு இறங்கி ஏற வேண்டும். இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அந்த இருநூறு படிதான் 1891இல் கேட்டதற்கும் இன்று கிடைத்திருப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் என்று நாங்கள் சொல்வோம்.

அந்த மெம்பரக்கா இப்போது மெம்பர் இல்லை. 2025 ஜனவரி 5 அன்று நீலகிரி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை நியமித்திருக்கிறார்கள். 2016 அக்டோபருக்குப் பிறகும் மூன்று ஆண்டுக்கு மேல் இப்படித்தான் கிடந்தது. இந்த மாவட்டத்தின் 35 ஊராட்சிகளில் மாலை நேரத்தில் வாசலில் போய் நிற்க ஒரு வாசல்கூட இன்று இல்லை. இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் ஒரு நாற்காலியைப் பறிக்கிறார்கள். தேர்தலைத் தள்ளிப்போடுகிறவர்கள் அத்தனை நாற்காலியையும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியவை. ஒன்று, உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோருவது நம் இயக்கங்களின் முதல் கோரிக்கையாக வேண்டும். இரண்டு, தேர்தல் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். அந்த ஆறு நாளும் லயத்திலிருந்தும் காலனியிலிருந்தும் பாடியிலிருந்தும் ஆட்கள் ஒன்றாகப் போக வேண்டும். மூன்று, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். காட்டில் வாழும் பழங்குடிகளின் ஊர்களுக்குக் குடிநீர், சாலை, பள்ளி, அங்கன்வாடி, மின் கம்பி உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம் என்கிறது அது. அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்குகிறவர்கள் நாமாக இருக்க வேண்டும். நான்கு, மாணவர்கள் லயத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, குறை, யாரிடம் சொன்னோம், என்ன பதில். இந்த நான்கு கட்டம் போதும்.

பண்டிதர் 1907இல் ஒரு பைசாவுக்குப் பத்திரிகை நடத்தத் தொடங்கியவர். எழுதி வைத்தால்தான் நிற்கும் என்பதை அறிந்தவர். நம் லயங்களின் நோட்டுகளும் அந்தப் பத்திரிகையின் தொடர்ச்சிதான். அடுத்த மே மாதம் இதே மலையில் கூடும்போது எத்தனை நோட்டு நிரம்பியிருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

ஜெய்பீம்.