கடலுக்கும் ஒரு லெட்ஜர்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் லெட்ஜர் எழுதியவன் நான். கடலுக்கும் கணக்கு எழுதுகிறார்கள், நம் வேளச்சேரி - தாம்பரம் சாலையிலேயே. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் கடல்நீரின் ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட், பி.எச். அளவுகளைப் பதிகிறது.

தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல்நீரின் பி.எச். 8.2-லிருந்து 8.1 ஆகிவிட்டது. 0.1 தானே என்று நினைக்காதீர்கள். அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அது எரிபொருள் புகையின் வேலை.

கழிவுநீர் நம் வேலை. செம்பாக்கம் ஏரி நீர் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியே கடலுக்குத்தான் போகிறது. நம் மோட்டார் பழுதானபோது கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டோம். அன்று கமிட்டியில் இருந்த நானும் தலையாட்டினேன், அது தவறு. சுத்திகரிப்பு நிலையப் பழுதுபார்ப்புக்குக் கேட்கும் கூடுதல் தொகையைத் தயங்காமல் கொடுங்கள். என் பங்கை இன்றே கட்டிவிட்டேன்.