மீளும் ஊர்தியும் மீனவர் கடலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுகலம் எழும் நாட்களில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் மக்கள் மொட்டை மாடிகளில் கூடுகின்றனர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுதான். வானம் தெளிந்திருந்தால் நெருப்புப் பொட்டு ஒன்று கடல் பக்கமாகச் சாய்ந்து ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அது மறைந்ததும் பிள்ளைகள் கைதட்டுவர், பெரியவர்கள் படியிறங்கிவிடுவர். விண்வெளி பற்றிய தமிழ்க் கவிதைகளில் பெரும்பாலானவையும் அந்த இடத்திலேயே படியிறங்கிவிடுகின்றன. ஏறியது என்ன ஆயிற்று என்ற கேள்வி அவற்றில் இல்லை.

இன்றைய உலகக் கிளர்ச்சியோ முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியது. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் தன் ஃபால்கன் 9 ஏவுகலத்தின் முதற்கட்டத்தைத் தரையில் நிமிர்த்தி இறக்கியது. 2017 மார்ச்சில், முன்பே ஒரு முறை பறந்து மீண்ட கட்டத்தை மறுபடி ஏவியது. இன்று ஒரே கட்டம் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இறக்கை கொண்ட 1.75 டன் ஊர்தி ஒன்று 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. அதனை மீட்டெடுப்பது அன்றைய நோக்கமன்று. அதன் வழிவந்த 'புஷ்பக்' ஊர்தியைக் கருநாடகத்துச் சித்ரதுர்கா பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்து, ஓட்டுநர் இன்றித் தானே ஓடுபாதையில் இறங்கச் செய்தனர். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறையும் அது வெற்றியாயிற்று.

புஷ்பக் என்னும் பெயரைத் தேர்ந்தவர்கள் அறிந்தே தேர்ந்தனரா, அறியேம் என்று விட்டுவிடலாம், பெயர் பொருத்தமானது. கம்பனில் புட்பக விமானம் இராமன் முதலியோரைச் சுமந்து அயோத்திக்குத் திரும்புவது மீட்சிப் படலத்தில். மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் புறநானூற்று வானூர்தி, அதாவது 27ஆம் பாட்டில் வரும் ஓட்டுநர் இல்லா ஊர்தி, புகழோடு மாய்ந்தவரை மேலே கொண்டுசெல்வது. அதில் ஏறியவர் எவரும் திரும்பியதில்லை. பெருமை பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. திரும்பி வரும் ஊர்திக்குத் தமிழில் சொல் தேடுவோர் 'மறுபயன்பாட்டு ஏவுகலம்' என்று நாக்குத் தடுமாற வேண்டியதில்லை. கம்பன் படலத்துக்கே 'மீட்சி' என்று பெயர் கிடக்கிறது. 'மீட்சிக்கலம்' என்றால் போதாதா?

மறுபடி பயன்படுத்துதல் என்பது வடசென்னைக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டிய பாடமன்று. காயலான் கடைகளும் லேத் பட்டறைகளும் வாழ்வதே அதனால். கட்டுமரம் பெருவழக்காயிருந்த காலத்தில், கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட்டு, நீர் வற்றிய பின்னரே மீண்டும் கட்டினர். நனைந்த மரம் கனக்கும். கனத்த மரம் அலையில் சொன்னபடி கேட்காது. ஆகவே ஒரு கலத்தை மறுபடி கடலுக்கு விடுவதன் செலவு, அது கரையில் காயும் நேரத்தில் இருக்கிறது. அமெரிக்க விண்ணோடம் தோற்றது இந்த இடத்தில்தான். 1981 முதல் 2011 வரை 135 முறை ஏவப்பட்ட அவ்வூர்தி, ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் ஆயிரக்கணக்கான வெப்பக் காப்பு ஓடுகளைச் சோதித்துச் செப்பனிட வேண்டியதாயிற்று. மிச்சமாகும் என்று எண்ணிய பணம் பட்டறையிலேயே கரைந்தது. ஃபால்கனின் சாதனையாவது, காயும் நேரத்தைக் குறைத்தது.

பொருள் மீள்வது வேறு, மனிதர் மீள்வது வேறு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் சிதைந்ததும், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டதும் திரும்பும் வழியில்தான். தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தன. புறப்பாட்டின்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முனையைத் துளைத்திருந்தது. ஏறும்போது பட்ட காயம், இறங்கும்போது உயிர் கொண்டது.

மீட்சியின் கடினத்தை எண்ணூர் கண்ணெதிரே கண்டதுண்டு. 2014 டிசம்பர் 18 அன்று, ஆளில்லாத விண்கூடு ஒன்றை, பின்னாளில் வீரர்கள் அமரவிருக்கும் கூட்டின் மாதிரியை, 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டனர். எடை மூன்றரை டன்னுக்கு மேல். காற்றில் உராய்ந்து கருகி, பாராசூட் விரித்து, அந்தமான் பக்கத்துக் கடலில் அது இறங்கியது. கடலோரக் காவல் படை மீட்டு வந்து சேர்த்தது எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்தில். நிலக்கரி இறக்குவதற்கென்று எழுந்த துறைமுகம், விண்ணிலிருந்து வந்த கூட்டையும் இறக்கிக்கொடுத்தது. 2023 அக்டோபர் 21 அன்று நடந்த ககன்யான் தப்பித்தல் சோதனையின் கூடு கடலில் தலைகீழாக மிதந்தது. கடற்படையினர் மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தனர். உள்ளே ஆள் இருந்திருந்தால் அந்தத் தலைகீழ் நிலை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது கவிஞருக்குரிய வேலை. செய்தித்தாளுக்கு அந்த வரி போதும்.

இனி விலை. 'எல்லாரும் விண்ணுக்குப் போகலாம்' என்பதே இக்கிளர்ச்சியின் முழக்கம். 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டுச் சர்வதேச விண்வெளி நிலையம் சென்று, ஜூலை 15 அன்று கலிபோர்னியக் கடலில் இறங்கிய சுபான்ஷு சுக்லாவின் பயணத்துக்கு இந்தியா ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவிட்டதாகச் செய்திகள் கூறின. அவரை ஏற்றிச் சென்றதும் மீளும் ஏவுகலமே. கலம் ஓட்டுபவரின் செலவு இறங்கினால் இருக்கையின் விலை இறங்கும் என்னும் கட்டாயம் இல்லை. புட்பகம் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் வைத்திருக்கும் என்பது வழிவழிக் கதை. அது குபேரனுடைய ஊர்தி என்பதும் அதே கதைதான்.

ஆனால் இக்கரையைப் பொறுத்தவரை விலை என்பது வேறொரு கணக்கு. ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குச் செல்லலாகாது என்று அறிவிப்பு வருகிறது. பாதுகாப்பு கருதி அது வேண்டியதே. ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால் அடுத்த நாளும் கடல் மூடப்படும். 2024 டிசம்பர் 4 அன்று புறப்பட வேண்டிய பி.எஸ்.எல்.வி. மறுநாள்தான் புறப்பட்டது. அவ்வாண்டு முழுவதும் இந்தியா சுற்றுப்பாதைக்கு ஏவியவை ஐந்தே. அதே ஆண்டில் ஃபால்கன் வகை ஏவுகலங்கள் 130 முறைக்கு மேல் பறந்தன. மீளும் கலம் மலிவாவதே அடிக்கடி பறப்பதனால். அடிக்கடி பறக்காத மீட்சிக்கலத்தால் ஒரு காசும் மிச்சமில்லை. முதற்கட்டம் மீண்டு வரும் புதிய ஏவுகலத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் வந்தது. குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஐந்து ஐம்பதாகும் நாளை நோக்கியே இவை எல்லாம் செய்யப்படுகின்றன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இன்றைய ஏவுகலங்களின் எரிந்த கட்டங்கள் கடலில்தான் எறியப்படுகின்றன. 2019 டிசம்பரில் புதுவை மீனவர்களின் வலையில் பி.எஸ்.எல்.வி.யின் பக்க உந்துகலம் ஒன்று சிக்கியது. மீன் தேடிப் போனவர்கள் இரும்புருளையை இழுத்து வந்தனர். கட்டங்கள் தாமே கரைக்கு மீளுமானால் அத்தகைய இடர் குறையும். ஆக, மீட்சிக்கலம் வலையைக் காக்கும். கடலுக்குப் போகும் நாளைப் பறிக்கும். இரண்டும் மெய். 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்திய கடலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய எண்ணூர்க் கழிமுகத்தையும் பார்த்தவர்களுக்கு, இழந்த ஒரு நாள் என்பது சிறிய சொல்லன்று. கழிமுகம் கெட்டால் கடல் உண்டு என்பதே அவர்களுக்கு மிஞ்சிய ஆறுதல்.

கடல் மூடப்படும் நாட்களுக்கு ஈடு உண்டா, எவ்வளவு, யார் தருவது என்பவை ஏவுதளத்தின் திட்டச் செலவிலேயே எழுதப்பட வேண்டியவை. 30 டன்னைத் தாழ்ந்த சுற்றுப்பாதைக்குத் தூக்கக்கூடிய கலத்தை வடிவமைப்போருக்கு இந்தக் கூட்டல் கடினமாயிராது. வட்டத்தின் கவிஞர்களுக்கு வேறு வேலை உண்டு. அடுத்த கவியரங்கை ஏவுதல் நாளொன்றின் விடியற்காலையில், படகுகள் கரையேற்றி நிறுத்தப்பட்டிருக்கும் பழவேற்காட்டு மணலில் வைத்துக்கொள்ளலாம். பொன்னேரி வழியாகப் பேருந்து உண்டு.