துறை பொது, கரை அவர்களுடையது

(சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ரயில்வேக் குமாஸ்தாக்களாகிய எங்களை ரயிலே ஓடாத தீவுக்கு அழைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று நாள் கப்பலில் வந்து சேர்ந்தோம். எங்களுக்குப் பாஸ் என்றால் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் சலுகைச் சீட்டு. உங்களுக்கோ பாஸ் என்றால், நிக்கோபார் மண்ணில் கால் வைக்கலாமா கூடாதா என்று அதிகாரி எழுதித் தரும் தாள். இந்தத் தாளைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

"நாமும் இந்நாட்டுக் குடிமக்கள்தானே, பாஸ் முறையை ஒழிக்க வேண்டும், படகு கட்டவும் கடை வைக்கவும் கரையைத் திறந்துவிட வேண்டும்" என்றொரு தீர்மானத்தை நம் தோழர்கள் சிலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்தத் தீர்மானம் இப்படியே நிறைவேறக் கூடாது என்பது எங்கள் கருத்து.

இந்தப் பாஸ் எங்கிருந்து வந்தது? 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வந்தது. ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் வெளியார் நுழையப் பாஸ் வேண்டும், வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், பழங்குடி மக்களின் நிலம் அனுமதியின்றிப் பிறர் கைக்குப் போகக் கூடாது என்கிறது அது. அதற்கு முன்பு அங்கே நடந்தது என்ன? துணியையும் அரிசியையும் கடனாகக் கொடுத்துவிட்டுத் தேங்காயையும் கொப்பரையையும் அள்ளிக்கொண்டு போனார்கள் வியாபாரிகள். கணக்குப் புத்தகம் ஒரு பக்கத்துக் கையில் மட்டுமே இருந்தது.

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணியின் துண்டுச் சீட்டு அவர்கள் பாட்டன் காலத்துக் கதை. பட்ட கடன் தீரும்வரை தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. பிறகு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத்தில் உழைத்த நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். யாரையும் கேட்டுக்கொண்டு போடவில்லை. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்கள்தான் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

"அன்று குடியுரிமைச் சட்டம், இன்று பாஸ் சட்டம், இரண்டும் ஒன்றுதானே" என்று ஒரு தோழர் கேட்டார். ஒன்றல்ல, தோழரே. அது உழைத்தவனிடமிருந்து பறித்தது. இது, எண்ணிக்கையில் சிறிய ஒரு மக்களிடமிருந்து பறிக்க வருகிறவனைத் தடுக்கிறது. பாஸ் ஒழிந்தால் முதல் கப்பலில் இறங்கப்போவது ரப்பர் பால் வெட்டும் கருப்பாயியின் மகனா? பணமூட்டையோடு வரும் ஓட்டல் முதலாளி இறங்குவான். அவன் வேலி போட்ட பிறகு நிக்கோபாரிக்கும் கரை இல்லை, நமக்கும் இல்லை.

நிக்கோபாரியரின் நிலம் தனி ஆள் பெயரில் இருப்பதில்லை. 'துஹெத்' என்னும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். தென்னந்தோப்பும் அப்படித்தான். ஆள் இல்லாத கரையென்று நம் கண்ணுக்குப் படுவது, அவர்கள் கணக்கில் யாரோ ஒரு துஹெத்தின் முற்றம். கிராமக் கேப்டனைக் கேட்காமல் அங்கே படகை இழுத்துப் போடுவது, நம் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவன் பாய் விரிப்பது போன்றது.

ஆனால் ஜெட்டி வேறு. அரசாங்கப் பணத்தில் கட்டியது, ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிக்கும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் அதுதான் வாசல். ரயில் நிலையத்தில் சிக்னல் கேபினுக்குள் எல்லாரும் நுழைய முடியாது, சரி. பிளாட்பாரத்திலும் நிற்காதே என்றால்? நம் கோபம் திரும்ப வேண்டிய இடம் இதுதான். படகு கட்ட அனுமதி கேட்டால் 'பிறகு வா' என்பது வாய்ச்சொல்லாகவே போகிறது. எங்கள் கவுண்டரில் இடமில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் ஓர் எண்ணாவது கொடுப்போம். ஜெட்டியில் அந்த எண்ணும் கிடையாது.

2004 டிசம்பர் 26ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கச்சாலைக் கடல் வாரிக்கொண்டு போனது. நிக்கோபார் தீவுகளின் நிலமே தாழ்ந்தது. தெற்கே இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. ஜெட்டிகள் உடைந்தன. படகு அணைய இடமில்லாவிட்டால் தீவு என்ன ஆகும் என்பதை அன்று தமிழனும் நிக்கோபாரியும் சேர்ந்தேதான் கண்டார்கள். தோட்டத்தை நடத்திவந்த வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. வேலையும் போய்க் கப்பலும் தவறினால் தொழிலாளி எங்கே போவான்?

கிரேட் நிக்கோபாரைப் பாருங்கள். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அதில் உண்டு. அங்கே கலாத்தியா விரிகுடாவில் ஆண்டுக்கு 1 கோடியே 42 லட்சம் கண்டெய்னர்களைக் கையாளும் துறைமுகம் வரப்போகிறது என்கிறார்கள். ஊர் மக்கள் தொகை 2011 கணக்கில் எட்டாயிரத்துச் சொச்சம்! 2022 ஆகஸ்டில் சம்மதம் கொடுத்த பழங்குடி கவுன்சில், சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும், அதே ஆண்டு நவம்பரில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. கரையைத் திற என்று நாம் தீர்மானம் போட்டால், அந்தத் தாளை யார் எடுத்துக்கொண்டு போய் எங்கே காட்டுவார்கள் என்று யோசியுங்கள்.

ஆகவே தீர்மானத்தைத் திருத்தியிருக்கிறோம். பாஸ் முறை இருக்கட்டும். தீவில் வாழ்கிற தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் அதைத் தாமதமின்றிப் புதுப்பித்துத் தர வேண்டும். ஜெட்டியில் சிறு படகுக்கு இடம் கேட்டால் எழுத்தில் பதில் வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத்தில் வேண்டும். நிக்கோபாரியரின் வள்ளத்துக்கும் நம் படகுக்கும் ஒரே வரிசை. கப்பல் தேதி மாறினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கிராமக் கரையில் இறங்குவது கேப்டனும் கவுன்சிலும் சம்மதித்தால் மட்டுமே. மனு கொடுக்கப் போகும்போது கவுன்சில்காரர்களையும் உடன் வரும்படி கேட்க இருக்கிறோம். முதலில் அவர்களிடம் போய்ப் பேசிவிட்டு, பிறகுதான் அலுவலகத்துக்கு.

திருத்திய தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் இப்போதே எழுந்து பேசலாம். கப்பல் தவறிய டிக்கெட், அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் படி, எது வைத்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.