நாற்பத்தைந்துக்குப் பிறகு நம் பெண்கள்

(அறவாரியத்தின் மகளிர் பிரிவு நடத்திய நல்வாழ்வுக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஆலயச் செயற்குழு உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பை ஆலய மண்டபத்தில் பேசலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பேசத்தான் வேண்டும் என்று சொன்னேன். திருவிழாவுக்குப் பூக் கட்டுபவர்களும், அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்குபவர்களும் பெரும்பாலும் நாற்பத்தைந்தைக் கடந்த பெண்கள்தாம். தங்கள் உடலில் நடப்பதை அவர்களே அறியாமல் இருப்பது நமக்குப் பெருமையன்று. ஆண்கள் யாரும் எழுந்து போக வேண்டாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

மாதவிடாய் முற்றாக நிற்பதை மெனோபாஸ் என்கிறார்கள். தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலோருக்கு இது 45க்கும் 55க்கும் இடையில் நிகழ்கிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அவசியம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொல்லைகளோ நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். சூலகம் சுரக்கும் எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஏறியும் இறங்கியும் தடுமாறுவதால், மாதவிடாயும் நாள் தவறி வரும். ஒரு மாதம் அதிகமாகும், மறுமாதம் காணாமல் போகும். தைப்பூசத்திற்கு நாள் எண்ணி விரதமிருந்த பெண்ணுக்குப் பால்குடம் எடுக்கும் காலையில் இப்படி நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்! இதற்குப் பயந்தே நேர்த்திக்கடனை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டு, காரணத்தை வீட்டில்கூடச் சொல்லாத பெண்களை நான் அறிவேன்.

அடுத்தது திடீர்ச் சூடு. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி மூளையில் இருக்கிறது. எஸ்ட்ரோஜன் குறையும்போது அது சிறு மாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டு, உடலைக் குளிர்விக்கத் தொடங்கிவிடுகிறது. நெஞ்சிலிருந்து முகம்வரை தகிக்கும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். "நம் ஊர் வெயில்தானே" என்று தள்ளிவிடுகிறோம். ஏர்கோன் ஓடும் அறையில் இரவு 2 மணிக்கு நனைந்து எழுகிறவளுக்கு எங்கிருந்து வந்தது வெயில்? செய்வினை என்று கயிறு கட்டிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பல பெண்களுக்கு இது ஏழு ஆண்டுகள்வரைகூட நீடிக்கிறது.

தூக்கமின்மை, மறதி, எரிச்சல், மூட்டுவலி, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவையும் உண்டு. கடைசி இரண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வறட்சிக்குப் பூசும் மருந்து இருக்கிறது. மனைவி தன்னைவிட்டு விலகிப்போகிறாள் என்று எண்ணும் கணவன்மார்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

என்ன செய்யலாம்? பருத்தி உடை, தலைமாட்டில் ஒரு மின்விசிறி, காரத்தையும் சூடான காப்பியையும் குறைத்தல் சிலருக்கு உதவும். அதற்கும் அடங்காவிட்டால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் முதலிய ஆபத்துகள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் பயந்து மாத்திரையைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது அறுபதுக்கும் மேல் என்பது பலருக்குத் தெரியவில்லை. அறுபதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகாத, வேறு தடையில்லாத பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். சந்தையில் விற்கும் மூலிகைப் பொடியை வாங்கினால், மலேசியச் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் ஒளிரும் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. நெத்திலி, தவ்வு, கேழ்வரகு, பால் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு தினமும் நடங்கள். இருதய நோய்க்கும் இனிப்புநீருக்கும் வாய்ப்பு கூடுகிறது. நம் நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இனிப்புநீர் அதிகம் காணப்படுவது இந்தியரிடம்தான். சர்க்கரைப் பொங்கலை இரண்டாவது முறை வாங்க வரிசையில் நிற்பவர்களைச் செயற்குழு உறுப்பினராகிய நானே குறை சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அது மாதவிடாய் அன்று. என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து இலேசாகப் பட்டது. "எனக்கு இன்னும் இளமை போகவில்லை" என்று சிரித்தார். மகள்தான் விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். கருப்பைப் புற்றுநோய், ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். இப்படி உதிரம் காணும் எல்லாருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. பெரும்பாலோருக்குச் சாதாரணக் காரணம்தான். ஆனால் எது சாதாரணம் என்பதை வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது. வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். அவருக்கும் வலி இருக்கவில்லை.

அடுத்து மருத்துவர் அம்மையார் பேசுவார். எழுந்து கேட்கக் கூச்சப்படுபவர்கள் வாசலில் கொடுத்த சீட்டில் பெயரெழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் பெட்டியில் போடுங்கள். ஆண்களுக்கும் சீட்டு இருக்கிறது.